பாளத்தின் பின்பக்கம்

(நாணயச் சேகரிப்பாளர்களின் மாதாந்தரக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடைக்கு வருகிறவர்கள் வழக்கமாக ராஜராஜன் காசோடு வருவார்கள். இல்லாவிட்டால் ஆற்காட்டு ரூபாயோடு வருவார்கள். நான் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு வந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் கையில் இருப்பது ஒரு சின்ன வெள்ளிப் பாளம். ஐந்து சென்டிமீட்டர் நீளம், மூன்றுக்குச் சற்றுக் குறைந்த அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம். ஒரு பக்கம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தாத்தா நிற்கிறார்; காலடியில் 1973 என்று ஆண்டு. மறுபக்கம் ஆங்கிலத்தில் மூன்று வரிகள்: ஒரு டிராய் அவுன்ஸ், .999, சுத்த வெள்ளி. அதற்குக் கீழே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குறி. அவ்வளவுதான். ஊர் இல்லை, பெயர் இல்லை.

எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் ஓர் அம்மாள் இதைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் 1970-களில் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்தவர், இப்போது இல்லை. பீரோவை ஒழித்தபோது கைக்குட்டையில் சுற்றி இது இருந்ததாம். “சார், இதை யார் செஞ்சாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. கடையில கேட்டா, யார் செஞ்சா என்னம்மா, உருக்கினா வெள்ளிதானேங்கறான்” என்றார். கடைக்காரர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப் போயிற்று. அதன் பின்னாலேயே இரண்டு மாதம் அலைந்தேன். இன்றைய பேச்சு அந்த அலைச்சல்தான்.

காசைப் பார்த்து யார் அடித்தது என்று சொல்வது, ஒரு வகையில், எளிது. காசில் அரசன் பெயர் இருக்கும், சின்னம் இருக்கும். தன் பெயரைப் பரப்பத்தான் அவன் காசே அடித்தான். பாளத்தின் கதை அப்படியில்லை. அதை வெளியிட்டவனுக்குப் படம் விற்றால் போதும். தாத்தாவை வாங்குகிறவன் தாத்தாவைத்தான் பார்ப்பான். அடித்தவன் யாரென்று யார் கேட்கப் போகிறார்கள்?

முதலில் இவை ஏன் பிறந்தன என்று சொல்லிவிடுகிறேன். 1965-ல் அமெரிக்கா தன்னுடைய பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை எடுத்துவிட்டது. அரை டாலரில் மட்டும் நூற்றுக்கு நாற்பது பங்கு வெள்ளி 1970 வரை இருந்தது. அதற்கு முன்பு அங்கே ‘வெள்ளிச் சான்றிதழ்’ என்று ஒரு வகை நோட்டு புழக்கத்தில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் வெள்ளி தருவார்கள். ஒரு டாலர் நோட்டுக்கு முக்கால் அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேலே. அந்த வாக்குறுதியும் 1968 ஜூன் 24-ஆம் தேதியோடு முடிந்தது. தங்கத்தைக் கட்டியாக வைத்துக்கொள்வதோ, 1933-லிருந்து சாமானியனுக்குத் தடை. அந்தத் தடை 1974-ன் கடைசி நாளில்தான் நீங்கியது. ஆக, 1968-க்கும் 1974-க்கும் நடுவே, கையில் கனமாக ஏதாவது உலோகம் இருக்கட்டும் என்று நினைத்த அமெரிக்கக் குடும்பஸ்தனுக்கு மிச்சமிருந்தது வெள்ளி. காசில் வெள்ளி இல்லை. கடையில் இருந்தது.

அந்த இடைவெளிக்குள்தான் இந்தச் சித்திரப் பாளங்கள் புகுந்தன. ‘ஆர்ட் பார்’ என்று அங்கே பெயர். நம்மூர்ப் பத்திரிகையில் ‘பார் வெள்ளி விலை’ என்று போடுகிறோமே, அதே ‘பார்’தான், ஒரு கிலோவுக்குப் பதிலாக ஒரு அவுன்ஸ். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, தந்தையர் தினத்துக்கு ஒன்று. பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு. ஜனாதிபதிகள் வரிசை. வாட்டர்கேட் ஊழல் வெடித்தபோது அதற்கும் பாளம் அடித்து விற்றார்கள். 1976-ல் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டு வந்ததும் கேட்கவே வேண்டாம். நம் ஊரில் தீபாவளி மலர் போடுவதுபோல் போட்டுத் தள்ளினார்கள். 1973-ல் அந்த மோகம் உச்சத்துக்குப் போனது. உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள்.

அடித்து விற்றவர்கள் யார்? இங்கேதான் முதல் சறுக்கல். அமெரிக்காவில் ‘மின்ட்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஹாமில்டன் மின்ட், மேடிசன் மின்ட், கொலோனியல் மின்ட், மதர் லோட் மின்ட், வேர்ல்டு வைடு மின்ட், கிரேட் லேக்ஸ் மின்ட் என்று எத்தனையோ. நமக்கு மின்ட் என்றால் தங்கசாலை. சென்னையில் ஒரு தெருவே அந்தப் பெயரில் இருக்கிறது. சர்க்காரின் அக்கசாலை என்ற நினைப்பு நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அந்த நினைப்போடு போனால் ஏமாறுவோம். அங்கே சில ‘மின்ட்’களிடம் பெரிய அச்சுக்கூடமே இருந்தது. சிலவற்றிடம் ஒரு தபால் பெட்டி எண்ணும், பத்திரிகை விளம்பரமும், யாரோ அடித்துக் கொடுத்த சரக்கும் இருந்தன.

நிஜமான ஆலை என்றால் ஃபிராங்க்ளின் மின்ட்டைச் சொல்ல வேண்டும். ஜோசப் சேகல் என்பவர் 1964-ல் தொடங்கியது, பென்சில்வேனியாவில் இருந்தது. பிறநாட்டு அரசுகளுக்கே ஒப்பந்தத்தில் காசு அடித்துக் கொடுத்த நிறுவனம். தன் குறியை ஒழுங்காக இட்டது, எத்தனை அடித்தோம் என்ற கணக்கையும் அச்சிட்டு வெளியிட்டது. அதனால் ஃபிராங்க்ளின் பாளத்தைக் கண்டுபிடிப்பதில் துப்பறிய ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பாளங்கள் பலவும் .999 கிடையாது, ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 மாற்று. எடையும் அவுன்ஸ் கணக்கில் வராமல் 1000 கிரெயின் என்று வரும். 1000 கிரெயின் என்றால் 64.8 கிராம். அதில் வெள்ளி ஏறக்குறைய 60 கிராம்தான், மிச்சம் செம்பு. கிலோ விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில் முகம் வாடித் திரும்புவார்கள். (இந்த சேகல் பின்னாளில் தொலைக்காட்சியிலேயே பொருள் விற்கும் க்யூ.வி.சி. நிறுவனத்தை 1986-ல் தொடங்கினார். விற்கத் தெரிந்த மனிதர்.)

இரண்டாவது சறுக்கல் இன்னும் நுட்பமானது. ஒரு பாளத்தில் பெயர் இருந்தாலும், அந்தப் பெயர் யாருடையது? பாளம் ஒன்று பிறக்க நாலு பேர் வேண்டும். வெள்ளியைச் சுத்தம் செய்து மாற்றுக்கு உறுதி சொல்பவர் ஒருவர். தகடாக்கி, வெட்டி, அச்சில் வைத்து அடிப்பவர் ஒருவர். படத்தை வரையச் சொல்லி, பணம் போட்டு, தன் பெயரில் வெளியிடுபவர் ஒருவர். ஊர் ஊராக விற்பவர் ஒருவர். சில சமயம் நாலும் ஒரே நிறுவனம். சில சமயம் நாலும் நாலு ஊரில். பாளத்தின் மேல் இருக்கும் பெயர் இந்த நாலு பேரில் யாருடையதாகவும் இருக்கலாம்.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. சேலத்துக் கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கிப் பக்கம் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். அது பெரும்பாலும் வெள்ளி கொடுத்து வேலை வாங்கிய வியாபாரியின் எழுத்து. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து ஊதி, பொடி வைத்து, மெருகு போட்டவர் பெயர் அதில் எங்கும் இராது. “யார் செய்தது?” என்று கொலுசைப் பார்த்துக் கேட்டால், முத்திரை வியாபாரியைக் காட்டும். முத்திரை பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது ஒன்று, அது சொன்னது ஒன்று.

ஜான்சன் மாத்தேயைப் பாருங்கள். இந்தப் பெயரை இங்கே இருக்கும் மூத்தவர்கள் சிலர் வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள். கடத்தல் தங்க பிஸ்கட்! தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-லிருந்து 1990 வரை இருந்த காலத்தில், கரையோரமாக வந்து இறங்கிய பத்துத் தோலா பிஸ்கட்டுகளில் இந்த லண்டன் கம்பெனியின் முத்திரையும் உண்டு. பத்துத் தோலா என்றால் 116.64 கிராம். அந்த முத்திரையை நம்பித்தான், உரைத்துக்கூடப் பார்க்காமல், கைமாற்றினார்கள். 1817-ல் பெர்சிவல் நார்ட்டன் ஜான்சன் தொடங்கிய தொழில் அது. அவர் மாற்றுப் பார்ப்பவர். உலோகத்தைச் சோதித்துச் சான்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. அந்தச் சான்றே பிறகு மூலதனம் ஆயிற்று. இரண்டு சுத்தியல்கள் குறுக்காக வைத்த சின்னமும் ஜே.எம். என்ற எழுத்தும் உலகத்தில் எந்தச் சந்தையிலும் செல்லுபடியாகும்.

இந்தச் சின்னம் அமெரிக்கச் சித்திரப் பாளங்கள் பலவற்றின் பின்பக்கத்திலும் இருக்கிறது. முன்பக்கத்தில் ஏதோ ஒரு வங்கியின் ஆண்டு விழா, ஒரு சங்கத்தின் மாநாடு, ஒரு கம்பெனியின் விளம்பரம். பின்பக்கம் ஜே.எம். சேகரிப்பாளர்கள் இதை ஜான்சன் மாத்தே பாளம் என்றே எழுதி வைப்பார்கள். அடித்தவர் என்ற வகையில் அது சரியாக இருக்கலாம். வெளியிட்டவர் யார் என்ற கேள்வி அங்கேயே நிற்கும். எங்கல்ஹார்ட் நிறுவனத்துக்கும் இதே நிலைமை. நியூ ஜெர்சிக்காரர்கள், பெரிய சுத்திகரிப்பாளர்கள். தங்கள் பெயரில் வார்த்த பாளங்களில் வரிசை எண்ணையும் எழுத்தையும் சேர்த்து இட்டார்கள். 1980-களின் இறுதியில் சில்லறைப் பாளங்களை நிறுத்திவிட்டார்கள். 2006-ல் நிறுவனத்தையே ஜெர்மனியின் பாஸ்ஃப் வாங்கிக்கொண்டது. ஆனாலும் எந்த எழுத்துக்குப் பின் எத்தனை இலக்க எண் வரும் என்று இன்றும் ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் தோன்றும். என்றாலும் போலிகளைப் பிடிப்பதற்கு அந்தக் கணக்கு உதவியிருக்கிறது.

இங்கிலாந்தில் இவ்வளவு சிரமம் இல்லை. அங்கே 1300-லேயே சிறுத்தை முகம் பொறிக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். 1363-ல் செய்தவர் குறி. 1478-ல் ஆண்டுக்கு ஓர் எழுத்து. 1970-களில் அங்கேயும் சின்ன வெள்ளிப் பாளங்களைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் மோகம் இருந்தது. 1977-ல் ராணியின் வெள்ளி விழாவுக்கு ராணியின் தலையையே தனி முத்திரையாகச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார்கள். அப்படிப்பட்ட ஒன்று கிடைத்தால், முத்திரைகளை வரிசையாகப் படித்து, லண்டனா பர்மிங்காமா, எந்த ஆண்டு என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்டால் அது வேறு கதை, இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். நான் சொல்ல வந்தது இதுதான்: 1973-ல் போட்ட ஆங்கிலேயச் சட்டம் அந்தப் பழைய ‘செய்தவர் குறி’யை ‘பொறுப்பாளர் குறி’ என்றே அழைக்கிறது. முத்திரைக்கு அனுப்புகிறவர் யாரோ அவர் குறி. செய்தவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறுநூறு வருஷ அனுபவத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுகொண்ட உண்மை அது.

அமெரிக்காவில் அப்படி ஓர் அரசாங்க முத்திரைச் சாலை நிலைக்கவே இல்லை. பால்டிமோர் நகரத்தில் மட்டும் 1814-லிருந்து 1830 வரை முயன்று பார்த்தார்கள். பிறகு 1906-ல் ஒரு தேசிய முத்திரைச் சட்டம்; 1961-ல் அதற்கு ஒரு திருத்தம். அந்தத் திருத்தம் சொல்வது: வெள்ளிப் பொருளின் மேல் மாற்று இன்னதென்று பொறித்தால், பக்கத்தில் அதற்குப் பொறுப்பேற்பவரின் வணிகக்குறியும் இருக்க வேண்டும். நமக்கு இது நல்ல காலம். ஏனென்றால் பதிவு செய்யப்பட்ட வணிகக்குறிக்கு அரசு ஏட்டில் இடம் உண்டு. கம்பெனி செத்துப்போனாலும் ஏட்டில் பெயர் இருக்கும். பாளத்தின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தக் கடுகளவுக் குறி ஏதோ அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது. பாதிக்குப் பாதி அதுதான் சாவி.

சாவி இல்லாத பூட்டுகளும் உண்டு. குறியே இல்லாத பாளம், தேய்ந்துபோன குறி, இரண்டு கம்பெனிகள் ஒரே மாதிரி வைத்துக்கொண்ட குறி. அப்போது என்ன செய்வது? நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம், முன்பக்கத்தை மறந்துவிட வேண்டும். படம் ஒவ்வொரு மாதமும் மாறும். படத்தை வரைந்த கலைஞன் மூன்று கம்பெனிகளுக்கு வரைந்திருப்பான். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் காப்புரிமையும் கிடையாது. பின்பக்கம் அப்படியில்லை. எடையும் மாற்றும் சொல்லும் அந்தப் பக்கத்துக்கு ஓர் அச்சை ஒருமுறை வெட்டி வைத்துக்கொண்டு, அது விரிசல் விடும்வரை பத்துப் பதினைந்து படங்களுக்கு அதையே மாட்டி அடிப்பார்கள். செலவு மிச்சம். ஆகவே குறி உள்ள ஒரு பாளமும் குறி இல்லாத ஒரு பாளமும் பின்பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், இரண்டும் ஒரே கூடத்தில் பிறந்தவை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

எழுத்துக்கு எழுத்து என்று சும்மா சொல்லவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு அந்த .999-ஐப் பாருங்கள். மூன்று ஒன்பதுகளின் வால் எப்படி வளைகிறது? முன்னால் இருக்கும் புள்ளி வட்டமா சதுரமா? புள்ளிக்கும் முதல் ஒன்பதுக்கும் எவ்வளவு இடைவெளி? ‘டிராய்’ என்ற சொல்லின் ‘ஓ’ முழு வட்டமா, முட்டை வடிவமா? ஓரத்தில் கட்டம் போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் ஒற்றைக் கோடா இரட்டைக் கோடா? அச்சில் விழுந்த மயிரிழை விரிசல் பாளத்தில் மேடாகத் தெரியும். அதே இடத்தில் அதே விரிசல் இன்னொரு பாளத்திலும் இருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கல்வெட்டில் எழுத்தமைதியைப் பார்த்துக் காலம் சொல்கிறோமே, அதே வேலைதான். அங்கே ஆயிரம் ஆண்டு, இங்கே ஐம்பது ஆண்டு.

அடுத்து விளிம்பு. சேகரிப்பாளர்களில் பத்தில் எட்டுப் பேர் விளிம்பைப் படம் எடுப்பதே இல்லை. தகட்டிலிருந்து வெட்டும்போது, வெட்டுக்கத்தி இறங்கிய பக்கம் வழவழவென்றும், கீழே பிய்ந்து பிரிந்த பக்கம் சொரசொரவென்றும் இருக்கும். வெட்டிய பிறகு சுற்றுச்சட்டத்துக்குள் வைத்து அடித்தால் இந்த வித்தியாசம் அமுங்கிப்போகும். சட்டமில்லாமல் அடித்தால் அப்படியே தங்கும். ஆக விளிம்பைப் பார்த்தாலே கூடத்தின் பழக்கம் தெரியும். நாலு மூலைகளின் வளைவும் அப்படித்தான். ஒரே வெட்டச்சில் வெட்டியவை ஒரே வளைவு வளையும். வெர்னியர் காலிபர் இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை எழுதி வையுங்கள். கனத்தை நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். வார்த்த பாளங்களுக்கு இந்த விதிகள் பொருந்தா. அங்கே மேற்பரப்பில் உலோகம் ஆறி இறுகியபோது விழுந்த அலைகளையும், கையால் அடித்த முத்திரையின் சாய்வையும் பார்க்க வேண்டும்.

பெட்டி, உறை, சான்றுச் சீட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள். பாளத்தில் இல்லாத ஊர்ப் பெயர் அட்டைப் பெட்டியின் அடியில் இருக்கும். ஹாமில்டன் மின்ட் இல்லினாயில் ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊரில் இருந்தது என்பதைச் சாதாரணச் சேகரிப்பாளர் காகிதத்திலிருந்துதான் தெரிந்துகொள்வார். அந்தக் காகிதத்தில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1963-க்குப் பிந்தியது. அந்த முறையே அப்போதுதான் வந்தது. இப்படித் துணுக்கு துணுக்காகத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் ஒரு மனிதர் முன்பே செய்து வைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்ச்சி கிட் என்பவர் இந்தச் சித்திரப் பாளங்களை வெளியீட்டாளர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஓர் அட்டவணை நூல் போட்டார். கம்பெனியின் பெயர்ச் சுருக்கம், அதன் பக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணைச் சொன்னால் உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் சேகரிப்பாளருக்கும் எந்தப் பாளம் என்று விளங்கிவிடும். இன்றைக்கும் அந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். நம் சங்கத்தில் காசுகளுக்கு இப்படி எண் சொல்லிப் பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். நூலில் இல்லாத பாளங்களும் நிறைய உண்டு. இருப்பதையே தவறாக அடையாளம் காட்டி விற்பவர்களும் உண்டு.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது விற்கும் சில பாளங்களில் ‘100 மில்ஸ் .999 சுத்த வெள்ளி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். ‘ஒரு டிராய் அவுன்ஸ்’ என்றும் இருக்கும். எல்லாம் உண்மைதான்! எடை ஒரு அவுன்ஸ். மேலே பூசியது சுத்த வெள்ளி. உள்ளே செம்பு. ‘மில்ஸ்’ என்பது பூச்சைக் குறிக்கப் போட்ட சொல். படிக்கத் தெரிந்தவனையும் கவிழ்க்கிற தந்திரம் அது. பத்தரை மாற்று என்ற வாக்கையே முலாமாகப் பூசிவிட்டார்கள். ‘ஜெர்மன் சில்வர்’ என்று இருந்தால் அதில் வெள்ளி துளிகூட இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போய் டச் பார்க்க வேண்டியதில்லை; உரைகல்லில் தேய்த்துப் பாளத்தைக் காயப்படுத்தவும் வேண்டாம். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும். ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். பாளத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். 31.1 கிராம் சுத்த வெள்ளியானால் தராசு ஏறக்குறைய 2.96 என்று காட்டும். செம்பானால் 3.47. பித்தளையானால் இன்னும் கூடும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இன்னும் வேலை செய்கிறது. காந்தத்தைச் சரிவாக வைத்த பாளத்தின்மேல் விட்டால் மெல்ல வழுக்கும் என்பார்கள்; வழுக்கும், உண்மை. செம்பின்மேலும் வழுக்கும். அதனால் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொரு பெரிய தடை இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் அடித்த பாளங்களில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன? டெக்சாஸைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள், நெல்சன் பங்கர், வில்லியம் ஹெர்பர்ட், உலகத்து வெள்ளியை வாங்கிக் குவித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1979-ன் தொடக்கத்தில் அவுன்ஸுக்கு ஆறு டாலர் அளவில் இருந்த விலை, 1980 ஜனவரியில் ஐம்பது டாலரைத் தொட்டது. ஒரே வருஷத்தில் எட்டு மடங்கு! சும்மா இருப்பார்களா? தாத்தா கொடுத்த தேக்கரண்டி, பாட்டியின் தேநீர்ப் பாத்திரம், பழைய அரை டாலர், இந்தச் சித்திரப் பாளங்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். படத்துக்கு அன்றைக்கு மதிப்பில்லை, கொள்ளுமிடத்தில் எடைதான் பேசியது. அத்தனையும் உலைக்குப் போயின. மார்ச் 27-ஆம் தேதி ஒரே நாளில் விலை பதினோரு டாலருக்கும் கீழே சரிந்தது. அதற்குள் உருகியவை உருகிவிட்டன. அதனால், ‘இருபத்தையாயிரம் அடித்தோம்’ என்று ஒரு கம்பெனி எழுதி வைத்திருந்தால், அது பிறப்புக் கணக்கு. இறப்புக் கணக்கை யாரும் எழுதவில்லை.

கணக்கு இல்லாததால்தான் ஒவ்வொரு பாளமும் சாட்சியாகிறது. ஒரு கூடத்தின் பின்பக்க அச்சு எப்படி இருந்தது என்பதற்கு, சில சமயம் நாலைந்து பாளங்கள்தான் உலகத்தில் மிச்சம். கூடம் மூடப்பட்டால் அச்சுகள் கைமாறும்; வாங்கியவர் பழைய குறியை அரைத்து எடுத்துவிட்டு அடிப்பார். அப்போது விரிசலும் எழுத்தமைதியும் பழைய கூடத்தைக் காட்டும், குறி புதியவரைக் காட்டும். இரண்டையும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. அதனால் நான் என் குறிப்பேட்டில் ‘செய்தவர்’ என்ற பத்தியையே அடித்துவிட்டேன். ‘வெளியிட்டவர்’, ‘அடித்தவர்’, ‘மாற்றுக்குப் பொறுப்பு’ என்று மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன். மூன்றும் நிரம்பிய வரிசைகள் குறைவு. ஒன்று மட்டும் நிரம்பியவை அதிகம். நிரப்ப முடியாத இடத்தைக் காலியாக விடுகிறேன். சேகரிப்பாளர்களுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கை நமநமவென்று இருக்கும், தெரியும். ஊகத்தை எழுதிவிட்டால் அடுத்தவர் அதை உண்மை என்று எடுத்து எழுதுவார். அவரைப் பார்த்து மூன்றாமவர். பிறகு பிடுங்கவே முடியாது.

அந்த அம்மாளின் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடுகுக் குறியை லென்ஸில் பார்த்தபோது பாதிதான் தெரிந்தது. “கறுத்துப் போயிருந்துச்சு சார், விபூதி போட்டு நல்லாத் தேச்சேன்” என்றார் அந்த அம்மாள், பெருமையோடு. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைக்கலாம், அப்படிப் பளபளத்தது. குறியின் வலப்பக்கம் மழுங்கியிருந்தது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு, பின்பக்க எழுத்தமைதியை ஒப்பிட்டு, வெளியிட்டவர் யார் என்பதை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். அடித்தவர் பத்தி காலி. அப்படியே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இவ்வளவாவது தெரிஞ்சுதே. இதை விக்கறதா இல்லை. நீங்க கூட்டத்துல காட்டிட்டுக் குடுங்க” என்றார். நாளைக் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்து திரும்பியவர்கள் வீட்டில், பீரோவின் ரகசிய அறையில், இப்படி ஒரு துண்டு கிடக்கலாம். கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நாலு விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை எழுதுங்கள். பெட்டி இருந்தால் அதன் அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள். எல்லாவற்றையும் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். விபூதி மட்டும் போடாதீர்கள். புளியும் வேண்டாம்.